பெரிய பேராசிரியராம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தில் 'ஆய்வு ஆர்வங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இலக்கணம், மொழிச் செயலாக்கம், இருமொழியம் என்று மூன்று சொற்களை எழுதிவிட்டு ஒரு வாரம் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். மூன்றும் பொய்யல்ல. ஆனால் மொழியியல் படித்த யாரும் அந்த மூன்று சொற்களை எழுதிவிடலாம். அவை எனக்கு எங்கிருந்து வந்தன என்று சொல்லப் புகுந்தால், பர்மாவில், யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது வயதுப் பையன் சொன்ன மூன்று சொல் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும். படிவத்தில் அதற்கு இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அன்று எங்கள் தமிழ் வகுப்பைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் வாங்கி வந்திருந்தார். அரைமணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, தாழ்வாரத்தில் என்னோடு தேநீர் குடிக்கும்போது, பிள்ளைகளின் பேச்சில் பர்மியச் சொற்கள் மிகுதியாகக் கலக்கின்றன என்று வருத்தப்பட்டார். சந்தையை 'ஸே' என்கிறார்கள், ஆசிரியையைச் 'சயாமா' என்கிறார்கள், இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. வீட்டில் அரைகுறையாகவும் பள்ளியில் முழுக்கப் பர்மியத்திலும் வளர்கிற பிள்ளைகளை வாரம் இரண்டு மணி நேரம் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிறகு இருவரும் உள்ளே போனோம். பெற்றோர்களும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினரை அறிமுகப்படுத்தும் வேலையை வகுப்பில் துணிச்சலான ஒரு பையனிடம் கொடுத்திருந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்று, கணீரென்ற குரலில், "இவர் பெரிய பேராசிரியராம்" என்றான்.

பெற்றோர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது அறிமுகமாகத்தான் கேட்டது, சிலர் கும்பிட்டார்கள். விருந்தினரின் முகம் மட்டும் ஒரு கணம் சுருங்கி மீண்டது. எனக்குக் காது சுட்டது. தமிழ்நாட்டுக் காதுக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 'பெரிய இவராம்' என்று சொல்லிவிட்டு உதட்டைச் சுழிப்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. பையனோ அப்பாவி. முந்தின நாள் அவன் அம்மா அவனிடம் பர்மியத்தில் சொன்னதை அவன் அப்படியே தமிழில் எடுத்து வைத்திருக்கிறான்: 'பாமௌக்க ஜீ தெ'. பாமௌக்க என்றால் பேராசிரியர், ஜீ என்றால் பெரிய, கடைசியில் நிற்கும் தெ என்றால் 'என்று சொல்கிறார்கள்'. அந்தத் தெ இருந்த இடத்தில் அவன் ஆம் வைத்தான். வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்தான். காப்பாற்ற வேண்டியவை என்று சற்று முன்பு தாழ்வாரத்தில் பேசப்பட்ட தமிழ்ச் சொற்களால் மட்டுமே ஆன வாக்கியம் அது. 'ஸே'யும் இல்லை, 'சயாமா'வும் இல்லை. அன்று முழுவதும் அந்தப் பிள்ளைகள் பேசியவற்றில் விருந்தினரை உண்மையில் புண்படுத்திய ஒரே வாக்கியம் அதுதான்.

அவர் பெருந்தன்மையாக அதைக் கடந்துவிட்டார். என்னால்தான் கடக்க முடியவில்லை.

ஙா என்றால் மீன்

பர்மியமும் தமிழும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகள். ஒன்று திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது, மற்றது திராவிடம். ஆனால் 'நேற்று அம்மா சந்தையில் வாங்கின மீன்' என்பதைப் பர்மியத்தில் சொல்லிப் பாருங்கள்: மனேக அமே ஸேஹ்மா வெதெ ஙா. மனேக நேற்று, அமே அம்மா, ஸே சந்தை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஹ்மா நம்முடைய 'இல்', வெ வாங்கு, அதோடு ஒட்டிய தெ (பையன் ஆமாக்கிய தெ அல்ல, வேறு வேலை பார்க்கிற தெ) நம்முடைய பெயரெச்ச விகுதி செய்கிற வேலையைச் செய்கிறது, கடைசியில் ஙா, மீன். ஒரு சொல்லைக்கூட இடம் பெயர்க்க வேண்டியதில்லை. (ஆத்திசூடியில் 'ஙப் போல் வளை' என்பதற்கு மேல் தமிழ்நாட்டில் வேலையில்லாமல் கிடக்கிற ங எழுத்துக்குப் பர்மாவில் ஓய்வே கிடையாது. மீனும் ஙா, ஐந்தும் ஙா. தொனியைச் சற்று மாற்றினால் நெருங்கினவர்களிடம் சொல்லும் 'நான்' என்பதும் ஙா.) எங்கள் ஊர்களில் நாள் முழுக்கக் காதில் விழும் 'சா பீபீலா' என்பதும் இப்படித்தான். சா என்றால் சாப்பிடு, முதல் பீ என்றால் முடி, இரண்டாவது பீ 'ஆச்சு', லா நம்முடைய வினா ஆ. 'சாப்பிட்டாச்சா' என்பதைத் துண்டு துண்டாக எடுத்து அதே வரிசையில் வைத்தது போல இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிய புதிதில் ஒரு பர்மிய வீட்டுக்கு விருந்துக்குப் போன என் கொள்ளுத்தாத்தாவை அந்த வீட்டுக்காரம்மாள் 'சா, சா' என்று உபசரிக்க, அவர் இலையை விட்டு எழுந்து ஓடினார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. சொல்தான் அவரை விரட்டியது. வாக்கியமாக அந்த அம்மாள் பேசியிருந்தால் பாதியாவது பிடிபட்டிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இந்த ஒற்றுமை எவ்வளவு பெரிய வசதி என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரியும். நான் பிறந்தது மோல்மேனில். அங்கே சந்தையில் பர்மியத்தோடு மோன் மொழியும் கரேன் மொழியும் கேட்டுக்கொண்டே இருக்கும். அவை இரண்டிலும் வினை நடுவில் வரும், வாங்கப்பட்ட பொருள் அதற்குப் பின்னால் வரும். இத்தனைக்கும் கரேன், பர்மியத்துக்கு உறவு மொழி. உறவு ஒரு பக்கம், வாக்கிய அமைப்பு ஒரு பக்கம். என் அப்பா மோன் மொழியில் விலை மட்டும் பேசுவார். பர்மியத்தில் சண்டையே போடுவார். இரண்டையும் அவர் ஒரே கடையில், ஒரே ஆண்டுகளில், ஒரே வகை ஆட்களிடமிருந்து கற்றவர்தான்.

கோயில் திருவிழாக்களில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். பர்மிய அதிகாரி ஒருவர் மேடையில் பேசும்போது அவருக்கு அரை வாக்கியம் பின்னால் நடந்துகொண்டே தமிழில் சொல்லிவிட முடியும். அவர் வினையைச் சொல்லும்போது நானும் என் வினைக்கு வந்திருப்பேன். யாராவது ஆங்கிலத்தில் பேசினால் அந்த நடை குலைந்துவிடும். அவர் இரண்டாவது சொல்லிலேயே வினையைக் கொடுத்துவிடுவார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் அடுக்கும் இடம், காலம், காரணம் எல்லாவற்றையும் முன்னால் போகவிட்டு, கடைசியில் அதை இறக்கி வைக்க வேண்டும். சில சமயம் இறக்குவதற்குள் அது என்ன வினை என்பதே மறந்து போயிருக்கும். மொழிச் செயலாக்கம் என்ற பெயர் தெரிவதற்கு முன்பே, மேடையில் வியர்வையோடு நான் பழகிய பொருள் அது.

தமிழிலிருந்து பர்மியத்துக்குப் போகும்போது ஒரே ஒரு பள்ளம் உண்டு. எதிர்மறையைத் தமிழ் வினைக்குப் பின்னால் வைக்கும். பர்மியம் வினைக்கு முன்னால் 'ம' என்று ஒரு சின்ன ஒலியை வைத்துவிட்டுத்தான் வினையையே தொடும். போனான் என்பது த்வாதெ, போகவில்லை என்பது மத்வாபூ. ஒருமுறை எங்கள் கோயில் பெரியவர் ஒருவர், அதிகாரிகள் முன்னால், "நாங்கள் யாரிடமும் இதுவரை பணம் கேட்டது" என்று சொல்லி ஒரு நீண்ட இருமல் இருமினார். நான் அதற்குள் பணம் கேட்டோம் என்ற வினையைப் பர்மியத்தில் சொல்லி முடித்திருந்தேன். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "கிடையாது" என்றார். 'யாரிடமும்' என்ற சொல்லிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதிகாரிகள் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். கேட்கிறவன் வினை வரும்வரை சும்மா இருப்பதில்லை, முன்னால் வந்த உருபுகளை வைத்து வரப்போவதைத் தானே கட்டிக்கொண்டு போகிறான் என்பது அன்று எனக்கு உறைத்தது. வினை கடைசியில் வரும் இன்னொரு மொழியான ஜப்பானியத்தை வைத்துக் கமிதே, ஆல்ட்மன், ஹேவுட் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடு படித்தபோது அந்த இருமல் நினைவுக்கு வந்தது. பரிமாறுகிற பெண்ணும் வாடிக்கையாளரும் உணவும் இருக்கிற படத்தைக் காட்டி, 'பரிமாறுகிறவள் வாடிக்கையாளருக்கு' என்கிற வரைக்கும் வாக்கியத்தைக் கேட்க வைத்தால், உணவின் பெயரோ வினையோ வருவதற்கு முன்பே கேட்கிறவர்களின் கண் உணவின் மேல் போய்விடுகிறது. 'கு' என்ற உருபு அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் கலப்பு

தாழ்வாரத்தில் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பதில் தெரியாமல் இல்லை. சொல் கலப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அது விருந்தினரிடம் சொல்லக்கூடியதாக இல்லை. 'ஸே' என்கிற பிள்ளைக்குச் 'சந்தை' என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். வந்த சொல் பர்மியச் சொல் என்று அதற்கே தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிற தவறு அது. பஸ்ஸில் ஏறி ஆபீஸுக்குப் போகிற சென்னைத் தமிழைப் பற்றி நாங்கள் யாரும் இங்கே கவலைப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்குக் கவலை தருவது வேறு. என் வகுப்பில் ஒரு சிறுமி, "அண்ணன் தம்பிக்கு அடிச்சான்" என்றாள். அடிபட்டவனுக்கு ஏன் கு போட்டாள் என்று யோசித்துப் பார்த்தால், பர்மியத்தில் 'கோ' என்று ஒரே உருபுதான் நம்முடைய கு, ஐ இரண்டின் வேலையையும் பார்க்கிறது. யாங்கோனுக்குப் போனாலும் கோ, அவனுக்குக் கொடுத்தாலும் கோ, அவனை அடித்தாலும் கோ. ஒலியும் நம்முடைய கு போலவே இருந்துவிட்டதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னொருவன் "அக்கா வந்தது" என்று எழுதினான். வந்தது யார், ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்று பர்மிய வினை ஒருபோதும் கேட்பதில்லை. அதற்குப் பதில் பேசுகிறவரைத்தான் அது கேட்கும்: 'நான்' என்பதற்கு ஆண் ச்சனோ என்றும் பெண் ச்சமா என்றும் சொல்ல வேண்டும், பணிவாக ஆமாம் போடும்போது பையன் கடைசியில் கமியா என்றும் பெண் ஷின் என்றும் முடிக்க வேண்டும். பாலைச் சொல்ல வேண்டிய கடமை இரண்டு மொழியிலும் உண்டு, வெவ்வேறு இடத்தில் உண்டு.

இந்த வகையில் எங்களைவிட நெடுந்தூரம் போன ஊர் ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கர்நாடக எல்லையோரம் உள்ள குப்வார் என்ற கிராமத்தைப் பற்றி ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் எழுதினார்கள். அங்கே பல தலைமுறைகளாகக் கன்னடம், மராத்தி, உருது பேசுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. சொற்களை அவர்கள் பெரும்பாலும் அவரவர் மொழியிலேயே வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் சொல்தான் யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று காட்டுகிறது. இலக்கணமோ சத்தமில்லாமல் ஒன்றை ஒன்று நெருங்கி, ஒரு வாக்கியத்தை எடுத்து உருபுக்கு உருபு சொல் மாற்றினால் அடுத்த மொழி கிடைத்துவிடும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. இதை முதலில் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பர்மாத் தமிழன் பாதி வேலை முடிந்த நிலையில் பிறந்தவன் என்றுகூட நினைத்தேன். வாக்கியம் தயாராக இருக்கிறது, சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்ற அந்த எண்ணத்தைத்தான் ஒன்பது வயதுப் பையன் கெடுத்தான். அவன் செய்ததும் சொல்லை மாற்றியது மட்டும்தானே.

வார்டு வாசலில்

விருந்தினர் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இதே தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. 2016, மழைக்காலம். அப்பத்தாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. மோல்மேனிலிருந்து ரயிலில் யாங்கோனுக்குக் கூட்டிவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நீரை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பரிசோதனை முடிவு வரவேண்டும். டாக்டரம்மா வார்டுக்குள் வரவில்லை. நர்ஸ் ஒருத்தி வாசலுக்கு வந்து, என்னைக் கூப்பிட்டு, "கௌங் த்வா மெ தெ" என்றாள். கௌங் நலம், த்வா மெ ஆகிவிடும், தெ. டாக்டர் சொன்னதை அவள் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்பதற்கு மேல் அந்தத் தெயில் ஒன்றும் இல்லை. ஒரு தபால்காரன் கடிதத்தை நீட்டுவது போல. எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சரியாயிருமாம் அப்பத்தா" என்றேன்.

அப்பத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இருமாம்ங்கிற. ராசா கதையா சொல்ற?"

நான் அதை நோயாளியின் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன். "டாக்டரம்மா சொன்னாங்க அப்பத்தா, நர்ஸ் இப்ப வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றேன். "அப்ப, டாக்டரம்மா சரியாயிரும்னு சொன்னாகன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இரண்டு வாக்கியங்களுக்கும் செய்தி ஒன்றுதான். இரண்டிலும் சொன்னது நானில்லை, வேறு ஒருவர். ஆனால் 'என்று சொன்னார்' என்பதில் சொன்னவர் பக்கத்தில் வந்து நிற்கிறார்; ஆமில் அவர் எங்கோ போய்விடுகிறார், அவரோடு சேர்ந்து நானும் ஓரடி பின்னால் போய்விடுகிறேன். பொறுப்பு எனக்கில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு செய்தியை வைக்கிற உருபு அது. பாட்டியின் உயிரைப் பற்றிப் பேசும்போது பேரன் அப்படிப் பின்னால் போகக்கூடாது. அதை அவள் இலக்கணமாகச் சொல்லவில்லை. கதை என்றாள்.

அந்தச் சொல்லை அவள் சும்மா எடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. எனக்கு ஆம் வந்ததே அவளுடைய கதைகளிலிருந்துதான். ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராசா இருந்தாராம், அவருக்கு ரெண்டு பொண்டாட்டியாம், இளையவ பொல்லாதவளாம். கதைக்குள் ஆம் இருந்தால் உறுத்தாது. அங்கே யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. துருக்கியத்திலும் கேள்விப்பட்டதைச் சொல்லும் விகுதி கதை சொல்லவும் வருகிறது என்று பின்னால் படித்தேன். பர்மியத்திலும் அப்படியே: பழங்கதைகள் 'ஷி த தெ', இருந்ததாம், என்றுதான் தொடங்கும். ஆக, தெயும் ஆமும் கதை சொல்லும் வேலையில்கூட ஒத்துப்போகின்றன. இவ்வளவு ஒத்துப்போவதால்தான் அவை பிரிகிற இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பர்மியத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது 'பெயர் இன்னார் தெ' என்று சொல்வது மிகச் சாதாரணம். அதையே தமிழில் 'பெயர் இன்னாராம்' என்று சொன்னால் அந்த இன்னாருக்கு நம்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் வரும்.

தமிழ் எப்போதும் இப்படி இருந்ததா என்றும் யோசித்திருக்கிறேன். தொல்காப்பியர் பல சூத்திரங்களை 'என்மனார் புலவர்' என்று முடிக்கிறார். தமக்கு முன்னிருந்தோர் சொன்னதைச் சொல்கிறேன் என்பதுதான் அதற்கும் பொருள். அதில் ஐயமோ விலகலோ ஒரு துளி கிடையாது. முன்னோர் சொன்னார்கள் என்பதே அங்கே அதிகாரம். சொன்னவரை எழுவாயாக வைத்துப் பலர்பால் விகுதியும் கொடுத்துவிட்டதால் அவர் காணாமல் போவதில்லை. ஆமுக்கு அந்த எழுவாய் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஒரே வடிவம் உடன்பாட்டுக்கும் வருகிறது, 'போகலாம்' என்று அனுமதிக்கும் வருகிறது, 'முதலாம்' என்று வரிசைக்கும் வருகிறது. இவ்வளவு வேலை பார்க்கிற உருபு எந்த இடத்தில் என்ன வாடை வீசும் என்பதைப் பாடப்புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் வரவேண்டும். எங்கள் பிள்ளைகள் கேட்பதற்குத்தான் போதுமான வாய்கள் இல்லை.

2004இல் ராபர்ட் ஹார்ட்ஸ்யூக்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்தவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எதிரில் இருப்பவர் ஒரு படத்தைச் செயப்பாட்டு வினையில் ஸ்பானிய மொழியில் விவரித்தால், அடுத்த படத்தை ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டியவரும் செயப்பாட்டு வினைக்குப் போகிற போக்கு கூடியது. சொல் ஒன்றும் பொதுவில் இல்லை, வாக்கிய அமைப்பு மட்டும் ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்குத் தாவியிருக்கிறது. இரண்டு மொழிக்கும் தலைக்குள் ஒரே அச்சு என்று அவர்கள் சொன்னார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை, ஏனென்றால் பையனின் வாக்கியமும் என்னுடைய வாக்கியமும் அதில் கச்சிதமாகப் பொருந்தின. நர்ஸின் தெயை என் காது வாங்கியது, என் வாய் ஆமைக் கொடுத்தது. நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. இருமொழியாளர் என்பவர் ஒரு உடம்பில் இருக்கிற இரண்டு ஒருமொழியாளர் அல்ல என்று ஃபிரான்ஸ்வா குரோஜான் 1989இல் எழுதியதற்கும் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஆனால் அப்பத்தா அதில் பொருந்தவில்லை. அவளும் இருமொழியாளர்தான். மோல்மேனில் பிறந்து, அங்கேயே எழுபது வருடம் காய்கறி விற்றவள். பர்மியத்தில் அவள் பேரம் பேசினால் பர்மியர்களே வாயடைத்துப் போவார்கள். அச்சு ஒன்றுதான் என்றால், தெயில் உறுத்தாதது ஆமில் ஏன் அவளுக்கு உறுத்தியது? அல்லது, தெயிலும் அவளுக்கு உறுத்துமா? கதை சொல்கிறாயா என்று நர்ஸையும் கேட்டிருப்பாளா? படிவத்தின் கட்டத்தை ஒருவாரம் என்னால் நிரப்ப முடியாமல் போனது இந்த இடத்தில்தான். எனக்குத் தெரிய வேண்டியது சோதனைக்கூடத்தில் செய்யக்கூடிய சின்ன விஷயம். ஒரே செய்தியைப் பர்மியத்தில் தெ போட்டும் தமிழில் ஆம் போட்டும் கேட்க வைத்து, எதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்பது. அப்பத்தா வயதுக்காரர்களையும் அந்தப் பையன் வயதுக்காரர்களையும் தனித்தனியாகக் கேட்பது. பையனுக்கு இரண்டும் ஒரே எடையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பத்தாவைப் பற்றி ஊகிக்க வேண்டியதில்லை, எனக்கு அது தெரியும்.

ஏனென்றால் அன்றைக்கு மறுநாள் காலையில் நான் மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது, அப்பத்தா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டிலில் இருந்த பர்மியக் கிழவி உடம்பு எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். அப்பத்தா நெஞ்சில் கை வைத்து, பல்லில்லாத வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "கௌங் த்வா மெ தெ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.